திருச்சியில் தேறிய கைப்பை மறுபடியும் திறக்கப்படும் இடம்

காவிரிப் படுகையில் வெளிநாட்டில் ஒரு பிள்ளையாவது இல்லாத தெருவைக் காண்பது இப்போது அரிது. அந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் பெற்றோரில் பலர் சென்னைக்குப் போகாமல், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று அவரவர் ஊரிலிருந்து காரில் திருச்சிக்கே வந்து, 2024 ஜூன் முதல் இயங்கிவரும் புதிய முனையத்தில் ஏறி, சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் போன்ற ஓர் ஊரில் விமானம் மாறி, ஆஸ்திரேலியாவுக்கோ ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகிறார்கள். கும்பகோணத்தில் குடியிருக்கும் நானும் அம்மாவையும் சித்தியையும் அழைத்துக்கொண்டு மெல்பர்னில் இருக்கும் தங்கை வீட்டுக்கு இப்படிப் போய்வருகிறவன்தான். உறவிலும் தெருவிலும் யாராவது முதல்முறையாகப் புறப்பட்டால், பெட்டி அடுக்கும் நாளில் என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அப்போது நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே ஒன்று: திருச்சியில் நடக்கும் சோதனையை மனத்தில் வைத்துக் கைப்பையை அடுக்காதீர்கள், வழியில் இருக்கும் சோதனைகளில் எது மிகக் கண்டிப்பானதோ அதற்கேற்ப அடுக்குங்கள்.

“ஒரு தடவை பார்த்தாச்சு. நான் வெளியில காலே வைக்கல. மறுபடி எதுக்குடா பாக்குறா?” என்று சித்தி கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான பதில் 1944ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின் பதினேழாம் இணைப்பில் இருக்கிறது. விமானப் போக்குவரத்தின் பாதுகாப்புக்கென்று 1974இல் ஏற்கப்பட்ட அந்த இணைப்பின்படி, ஒரு விமானம் எந்த நாட்டிலிருந்து புறப்படுகிறதோ அந்த நாடுதான் அதில் ஏறுகிற ஒவ்வொருவரையும் ஒவ்வொரு கைப்பையையும் சோதிக்கக் கடமைப்பட்டது. விமானம் மாறுகிறவர்களும் இதில் அடங்குவார்கள். முதல் ஊரில் நடந்த சோதனை தன்னுடைய தரத்துக்கு இணையானது என்றும், அங்கிருந்து வரும் வழியில் அந்தப் பையில் யாரும் கைவைத்திருக்க முடியாது என்றும் அந்த நாடு ஆராய்ந்து ஒப்புக்கொண்டிருந்தால் மட்டுமே மறுசோதனையைத் தவிர்க்கலாம். ஆகவே சிங்கப்பூரில் சித்தியின் பையைத் திறக்கிறவர் சித்தியைச் சந்தேகப்படுவதுமில்லை, திருச்சியில் சோதித்தவரைக் குறை சொல்வதுமில்லை. மெல்பர்னுக்குப் புறப்படும் விமானத்துக்குத் தம் நாடு பொறுப்பு என்பதால் தம் வேலையைச் செய்கிறார்.

இணைப்பு விமானம் என்றாலே பாதுகாப்புத் துறையினர் கூடுதலாக விழிப்படைவதற்குப் பழைய காரணங்களும் உண்டு. 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறிய ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் 329 பேர் இறந்தார்கள். அதை வீழ்த்திய பெட்டி வான்கூவரில் வேறொரு விமானத்தில் ஏற்றப்பட்டு, டொரன்டோவில் இணைப்புச் சாமானாக ஏர் இந்தியாவுக்கு மாற்றப்பட்டது. பெட்டியைக் கொடுத்தவர் விமானத்தில் ஏறவே இல்லை. அதே நாளில் வான்கூவரிலிருந்து தோக்கியோவுக்குப் போன இன்னொரு பெட்டி, பாங்காக் போகும் ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றப்படவிருந்த நேரத்தில் நரிட்டா விமான நிலையத்தில் வெடித்து, சாமான் தூக்கும் ஊழியர்கள் இருவரைக் கொன்றது. நமக்கு இன்னும் பக்கத்தில், 1984 ஆகஸ்ட் 2 அன்று மீனம்பாக்கத்தில் வெடித்ததும் கொழும்பு விமானத்துக்கென்று கொடுக்கப்பட்டு, கொடுத்தவர் ஏறாமல் விட்ட பெட்டிதான்; அதில் முப்பது பேர் அளவில் இறந்தார்கள். பயணி ஏறாவிட்டால் அவருடைய பெட்டியை விமானத்திலிருந்து இறக்கிவிட வேண்டும் என்ற விதி இத்தகைய சாவுகளுக்குப் பிறகுதான் இறுகியது. இணைப்பு விமானத்தைத் தவறவிட்டால் நம் பெட்டியைத் தேடி எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் விமானம் நகரும் என்பதையும் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

மறுசோதனை வேண்டாம் என்று நாடுகள் தங்களுக்குள் உடன்பட்டிருக்கும் வழித்தடங்களும் இருக்கின்றன. அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்து ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஐரோப்பிய ஒன்றிய நகரில் விமானம் மாறுகிறவருக்குப் பொதுவாக மறுசோதனை கிடையாது. 2025இல் லண்டன் ஹீத்ரோவிலிருந்து டாலஸ் வரும் சில விமானங்களில் இத்தகைய ஏற்பாட்டை அமெரிக்காவும் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. இந்தியாவிலிருந்து புறப்படுகிற நாம் இந்தச் சலுகையைக் கணக்கில் கொள்ளாமல் இருப்பதே நல்லது. சலுகை இருந்து சோதனை நடக்காமல் போனால் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. சலுகை இருக்கும் என்று நம்பிப் பையை நிரப்பிக்கொண்டு போனால்தான் நஷ்டம்.

சோதனை எந்த இடத்தில் நடக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். வளைகுடாவின் பெரிய விமான நிலையங்களான துபாயிலும் தோஹாவிலும், விமானத்தை விட்டு இறங்கி இணைப்புப் பகுதிக்குள் நுழையும் வழியிலேயே சோதனை இருக்கிறது. அதைத் தாண்டிய பிறகுதான் கடைகள், உணவகங்கள், கேட் எல்லாம் வரும். சிங்கப்பூர்ச் சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் இது தலைகீழ். அங்கே வந்திறங்குகிறவர்களும் புறப்படுகிறவர்களும் ஒரே கூடத்தில் கலந்து நடமாடுவதால், சோதனையை ஒவ்வொரு கேட்டின் வாசலிலும் வைத்திருக்கிறார்கள். கூடம் முழுக்க உலாவி, சாப்பிட்டு, சாமான் வாங்கி முடித்த பிறகு, விமானம் ஏறுவதற்குச் சற்று முன்னால்தான் பை ஸ்கேனருக்குள் போகும். முதல்முறை போகிறவர்கள் பலர், “இங்க சோதனையே இல்ல, நேரா உள்ள வந்துட்டோம்” என்று மகிழ்ந்துபோய், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு கேட்டுக்கு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வேறுபாடு தெரிந்தால் பல சிக்கல்கள் தாமாகத் தீர்ந்துவிடும். சோதனை நுழைவிலேயே முடிந்துவிடும் ஊரில், அங்கே வாங்கிய வாசனைத் தைலத்தையோ மதுப் புட்டியையோ அடுத்த விமானத்துக்குள் கொண்டுபோவதில் பொதுவாகத் தடையில்லை. ஆனால் திருச்சியிலோ சென்னையிலோ டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கியது அந்த நுழைவுச் சோதனைக்கு உட்படும். சாங்கியைப் போல கேட்டில் சோதனை இருக்கும் ஊரில், அந்த ஊரிலேயே வாங்கிய திரவமும் சோதனைக்கு உட்படும். இரண்டு இடத்திலும் நம்மைக் காப்பாற்றுவது, கடைக்காரர் பொருளையும் ரசீதையும் உள்ளே வைத்து ஒட்டித் தரும் சிவப்பு விளிம்புள்ள பிளாஸ்டிக் பைதான். பிரித்தால் பிரித்த தடம் தெரிந்துவிடும்படி செய்யப்பட்ட பை அது. வாங்கும்போதே போர்டிங் பாஸைக் காட்டி, “எனக்கு இன்னொரு விமானம் இருக்கிறது” என்று சொல்லிவிட வேண்டும். கடைசி ஊர் சேரும்வரை அதைத் திறக்கக் கூடாது. ஒருமுறை எங்கள் வரிசைக்கு முன்னால் நின்ற நீடாமங்கலத்துக்காரர் ஒருவர், சுமையைச் சரிசெய்வதற்காக அந்தப் பையைக் கிழித்துப் புட்டிகளைத் தோள்பையில் அடுக்கியிருந்தார். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எவ்வளவோ மன்றாடியும், பை பிரிந்துவிட்டதால் புட்டிகள் குப்பைத் தொட்டிக்குத்தான் போயின. அந்த அதிகாரி கடுமையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விதி அவருக்கு வேறு வழி வைக்கவில்லை.

திரவங்களுக்கான 100 மில்லி வரம்பு 2006 ஆகஸ்டுக்குப் பின் வந்தது. பிரிட்டனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைக் குளிர்பானப் புட்டிகளில் மறைத்த திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி அந்த மாதம் வெளிப்பட்டது. அதன் பிறகு, எந்தத் திரவமும் 100 மில்லிக்கு மேற்படாத புட்டியில் இருக்க வேண்டும், எல்லாப் புட்டிகளும் ஒரு லிட்டர் கொள்ளும் தெளிவான பைக்குள் அடங்க வேண்டும் என்பது உலக வழக்கமாயிற்று. கணக்கு புட்டியின் கொள்ளளவுக்குத்தான், உள்ளே இருக்கும் அளவுக்கு அல்ல. கால் புட்டி மட்டும் மீதமிருக்கும் 200 மில்லித் தேங்காய் எண்ணெய் தேறாது. முப்பரிமாணப் படம் எடுக்கும் புதிய ஸ்கேனர்கள் வந்த பிறகு, எடின்பரோ, பர்மிங்காம் போன்ற பிரிட்டிஷ் விமான நிலையங்கள் 2025இல் இந்த வரம்பை 2 லிட்டராகத் தளர்த்தின. அந்தத் தளர்வு அந்த வாசலோடு முடிந்துவிடும். அங்கே தாண்டிய ஒரு லிட்டர் பாட்டில், துபாயின் இணைப்புச் சோதனையில் பழைய விதியைச் சந்திக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரும் ஷாம்புவும் பெரிய பிரச்சினை அல்ல. உண்மையான பிரச்சினை, திரவம் என்று நம் மனம் ஒப்புக்கொள்ளாத பொருள்கள். குழைகிற, வழிகிற, தடவக்கூடிய எல்லாவற்றையும் சோதனை மேசை திரவத்தோடு சேர்த்துத்தான் பார்க்கும். உறைந்திருக்கும் நெய் திடப்பொருள் என்று வாதிட முடியாது. புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, மாவடுவின் உப்புநீர், வத்தக்குழம்பு விழுது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். திருவையாற்று அசோகா அல்வா நிச்சயமாக வரும். மகளின் பிரசவத்துக்குப் புறப்படும் அம்மாக்கள் உயிர்போல் கையிலேயே வைத்திருக்க விரும்பும் பிரசவ லேகியத்துக்கும் இதே கதிதான். சுக்கும் திப்பிலியும் நெய்யும் பனைவெல்லமும் சேர்த்து நாள்முழுக்கக் கிளறியது. பெட்டியில் போட்டால் தொலைந்துபோகுமோ என்ற பயத்தில் கைப்பையில் வைக்கிறார்கள். மருந்துக்கு விதிவிலக்கு உண்டு என்பது சரி. ஆனால் அந்த விதிவிலக்கு, மருந்துக்கடைச் சீட்டும் மருத்துவர் கடிதமும் உள்ள மருந்துக்குச் சுலபமாகக் கிடைக்கும். பெயர்ச் சீட்டு இல்லாத ஹார்லிக்ஸ் பாட்டிலில் கறுப்பாக இருக்கும் குழம்புக்கு, அது என்ன என்று ஆங்கிலத்தில் விளக்கத் தெரியாத ஒருவர் கையில் இருக்கும்போது, கிடைப்பது கடினம். லேகியத்தை இரண்டு டப்பாவாகப் பிரித்து, இறுக மூடி, இரண்டு செக்-இன் பெட்டிகளில் ஒவ்வொன்றாக வைத்துவிடுங்கள். ஒரு பெட்டி தாமதமானாலும் மற்றது போய்ச் சேரும்.

இனிப்புப் பெட்டிகளை மட்டும் ஏன் அடிக்கடி திறக்கச் சொல்கிறார்கள் என்பதற்கு ஸ்கேனரின் திரையில் விடை இருக்கிறது. பொருளின் தன்மையை வைத்து அந்தத் திரை நிறம் காட்டும்: உணவு, துணி, காகிதம் போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்திலும், உலோகம் நீலத்திலும், இடைப்பட்டவை பச்சையிலும் தெரியும். பிளாஸ்டிக் வெடிபொருளும் கரிமப் பொருள்தான். ஒரு கிலோ மைசூர்பாகு இடைவெளியில்லாமல் அடைந்திருக்கும்போது அதன் நிறமும் அடர்த்தியும் திரையைப் பார்க்கிறவருக்கு ஐயம் எழுப்புகிற விதமாகவே அமையும். அவர் திறந்து பார்ப்பது தவிர்க்க முடியாதது. சுவாமிமலைச் சிலை, கனமான பித்தளைக் குத்துவிளக்கு இவற்றின் நிலை வேறு. கதிர் ஊடுருவாமல் கறுப்பாகத் தெரிந்து, அதன் பின்னால் இருப்பதையும் மறைத்துவிடும். இனிப்பைக் கைப்பையில் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், மற்றப் பொருள்களுக்கு அடியில் புதைக்காமல் மேலாக வையுங்கள். அதைத் தனி ட்ரேயில் எடுத்து வைத்துவிட்டால் முழுப் பையையும் கலைக்கும் வேலை பெரும்பாலும் இல்லாமல் போகிறது. டப்பாவைச் சுற்றிப் பத்துச் சுற்று டேப் ஒட்டும் வழக்கத்தைக் கைப்பையில் மட்டுமாவது விட்டுவிட வேண்டும்.

பொடிகளுக்கு வேறு கணக்கு இருக்கிறது, அதை நம்மவர்கள் பலர் அறிந்திருக்கவில்லை. 2018 ஜூன் 30 முதல், அமெரிக்காவுக்குப் போகும் விமானத்தில் ஏறுகிறவரின் கைப்பையில் 350 மில்லிக்கு மேற்பட்ட எந்தப் பொடி இருந்தாலும் கூடுதல் சோதனை உண்டு. அதில் தெளிவு கிடைக்காவிட்டால் பொடி அங்கேயே நின்றுவிடும். டிகிரி காபிக்கென்று கும்பகோணத்தில் அரைத்த அரைக் கிலோ காபிப்பொடி இந்த அளவைத் தாண்டிவிடும். ஆஸ்திரேலியா இதையே வேறு விதமாக வகுத்திருக்கிறது. காபிப்பொடி, இட்லிப்பொடி, மாவு போன்ற கரிமப் பொடிகளுக்கு அங்கே இந்த வரம்பு இல்லை. உப்பு, மணல், டால்கம் பவுடர் போன்ற கனிமப் பொடிகளுக்குத்தான் 350 மில்லி அல்லது 350 கிராம் என்ற உச்சவரம்பு. விபூதி சாம்பல் என்பதால் கனிமப் பொடியின் பக்கம் வருகிறது. வைத்தீஸ்வரன்கோயிலிலிருந்து உறவு முழுமைக்கும் ஒரு கிலோ வாங்கிப் போகிறவர்கள் அதைப் பெட்டியில்தான் போட வேண்டும்; சட்டைப்பையில் இருக்கும் சின்னப் பொட்டலத்தை யாரும் கேட்கப் போவதில்லை. குங்குமம் எந்த வகை, மஞ்சள் எந்த வகை என்று மேசை முன் நின்று வாதிட நேரம் இருக்காது என்பதால், என் வீட்டில் பூஜைப் பொடிகள் அனைத்தும் பெட்டிக்குள்தான். கற்பூரமும் தீப்பெட்டியும் பெட்டியிலும் கூடாது, கையிலும் கூடாது. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருளாக வகைப்படுத்தப்பட்டது. கொப்பரையோ தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடிய சரக்காகவே பட்டியலில் இருக்கிறது. பாக்குவெட்டி பெட்டியில் போகலாம், கையில் ஆகாது. கசகசா பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும்: அது சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டது. பாதுகாப்புச் சோதனையில் பொருளைப் பறிகொடுப்பதோடு முடியாமல் பெரிய விவகாரமாகிவிடக்கூடியது என்பதால், விமானம் மாறும் ஊர் எது என்று பார்க்காமல் குருமாப் பொடிக்குக்கூட அதைச் சேர்க்காதீர்கள்.

பையை விட உடலைச் சோதிப்பதுதான் முதியவர்களுக்குச் சங்கடம். உலோகம் கண்டால் ஒலிக்கும் வாசலில், நம் ஊர் மனிதர்களிடம் ஒலிப்பதற்கு நிறைய இருக்கிறது: மெட்டி, கொலுசு, கண்ணாடி வளையலோடு கலந்த தங்க வளையல், இடுப்பில் இருக்கிற நினைவே இல்லாமல் போன வெள்ளி அரைஞாண், வேட்டியின் மேல் கட்டிய பச்சை பெல்ட்டின் கொக்கி. தாலிச்சரட்டைக் கழற்றச் சொல்வார்களோ என்ற பயம்தான் அம்மாவுக்கு முதல் பயணத்தில் இருந்தது. ஒரு நிலையத்திலும் அப்படிக் கேட்டதில்லை. பெண் ஊழியர் கைக்கருவியால் தடவிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஒவ்வொரு வாசலிலும் ஒலி வரும் என்பதால், மருத்துவமனை கொடுத்த அட்டையைக் கழுத்துப் பையில் வைத்து, வாசலுக்குள் நுழையும் முன்பே முழங்காலைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், கைக்கருவியை அதன் மேல் வைக்காமல் கையால் சோதிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். தனியறையில் சோதிக்கச் சொல்லும் உரிமையும் பெரும்பாலான இடங்களில் இருக்கிறது. கேட்பதற்கு நம் பெண்கள் கூச்சப்படுகிறார்கள், கூச்சப்பட வேண்டியதில்லை.

சக்கர நாற்காலி எடுத்துக்கொண்டால் சோதனை கிடையாது என்ற நம்பிக்கை எப்படிப் பரவியது என்று தெரியவில்லை. வரிசை குறையும், தள்ளிச் செல்கிறவர் வழி காட்டுவார், அவ்வளவுதான். நாற்காலியின் கைப்பிடியையும் சேர்த்துச் சிறு துணித்துண்டால் துடைத்து எடுத்து இயந்திரத்தில் வைப்பார்கள். வெடிமருந்தின் துகள் இருக்கிறதா என்று பார்க்கும் அந்த இயந்திரம் நைட்ரேட், கிளிசரின் போன்றவற்றையும் முகர்ந்துவிடக்கூடியது. வயலில் நைட்ரேட் உரம் தூவிய கையோடும் அதே செருப்போடும் புறப்பட்டவர், கிளிசரின் கலந்த க்ரீம் பூசியவர், நாக்கின் அடியில் வைக்கும் இதய மாத்திரையைத் தொட்டவர் ஆகியோருக்கு இது வீணாக ஒலித்துவிடலாம். ஒலித்தால் பதறாமல், மாத்திரைச் சீட்டைக் காட்டி, மறுபடி பரிசோதிக்க ஒத்துழைத்தால் முடிந்தது. புறப்படும் நாளில் நடவு நடந்துகொண்டிருந்தாலும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வயலுக்குப் போகாத செருப்பைப் போட்டுக்கொண்டு வரும்படி எங்கள் மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்சுலின் எப்போதும் கையில்தான் இருக்க வேண்டும். சரக்கறையின் குளிரில் உறைந்தால் அது பயன்படாது. மருந்தின் பொதுப்பெயரோடு ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் சீட்டு ஒன்று போதும், எந்த ஊரிலும் அதை மறுத்து நான் பார்த்ததில்லை. பவர் பேங்க்கும் கையில்தான், பெட்டியில் போடவே கூடாது. 100 வாட்-மணி வரை தடையில்லை என்பது பொது விதி; கடைகளில் விற்கும் 20,000 மில்லியாம்ப்-மணி பவர் பேங்க் 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணிதான். 2025 ஜனவரியில் தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் தரையில் நிற்கும்போதே எரிந்த பிறகு விதிகள் இறுகின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்துவதையே தடைசெய்துவிட்டன. அளவு அச்சு அழிந்த பழைய பவர் பேங்க்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எழுத்து தெரியாவிட்டால் சில ஊர்களில் எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

மறுசோதனையில் மக்கள் உண்மையில் இழப்பது நெய்யையும் தண்ணீரையும் விட, ட்ரேயில் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைத்தான். இரவு முழுக்கத் தூங்காமல் இறங்கியிருப்போம், நேரம் எந்த ஊர் நேரம் என்றும் தெரியாது, பின்னால் வரிசை நெருக்கும். கண்ணாடி, கைப்பேசி, கைக்கடிகாரம், செவிக்கருவி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக ட்ரேயில் வைத்தால் ஏதாவது ஒன்று நின்றுவிடும். வரிசையில் சேரும் முன்பே, ஓர் ஓரமாக நின்று, சட்டைப்பையில் இருக்கும் எல்லாவற்றையும் கைப்பையின் ஜிப் அறைக்குள் போட்டு மூடிவிடுவது எங்கள் வழக்கம். பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் கையில். நான் முதலில் தாண்டிப் போய் அந்தப் பக்கம் பைகளைப் பார்த்துக்கொள்வேன், அம்மா நடுவில், சித்தி கடைசியில். இரண்டு பேர் மட்டும் போகும்போது விவரம் தெரிந்தவர் பின்னால் நிற்பதே நல்லது; முதியவரைத் தனியே நிறுத்திக் கேள்வி கேட்டால் உதவலாம். சாங்கியில் சோதனையைத் தாண்டிய பல கேட் அறைகளுக்குள் கழிவறை இல்லை. உள்ளே போவதற்கு முன்பே அதை முடித்துக்கொள்ள வேண்டும். காலி எவர்சில்வர் பாட்டிலைக் கொண்டுபோவதில் எங்கும் தடையில்லை. விமானத்தில் ஏறியதும் பணிப்பெண்ணிடம் கொடுத்தால் நிரப்பித் தருகிறார்கள்.

நேரக் கணக்குக்கு வருகிறேன். ஒரே டிக்கெட்டாக எடுத்த பயணத்தில், விமானம் மாறுவதற்குத் தேவைப்படும் குறைந்தபட்ச நேரத்தில் மறுசோதனைக்கான அவகாசமும் சேர்ந்தே இருக்கிறது; முதல் விமானம் தாமதமாகி இணைப்பு தவறினால் அடுத்ததில் அனுப்புவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. விலை குறைவு என்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தால் இந்தக் காப்பு எதுவும் கிடையாது. பல நேரம் அந்த நாட்டுக்குள்ளேயே நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்து, குடியேற்றம், சோதனை எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிங்கப்பூரில் அதற்கு இந்தியப் பாஸ்போர்ட்காரர்களிடம் பொதுவாக விசா இருக்க வேண்டும். தனியாகப் போகும் பெற்றோருக்கு இப்படி இரண்டு டிக்கெட் எடுத்துக் கொடுப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன், மிச்சம் எத்தனை ஆயிரமானாலும் சரி.

அமெரிக்கா போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். அங்கே முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியைக் கையில் வாங்கி, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைத்துவிட்டு, உள்நாட்டு விமானத்துக்காகப் பாதுகாப்புச் சோதனைக்குள் நுழைய வேண்டும். கடைசி ஊர்வரை சீட்டு ஒட்டியிருந்தாலும் பொதுவாக இதே நடைமுறைதான். நியூயார்க்கில் இறங்கி டாலஸ் போகிறவருக்கு இதற்கு மூன்று மணி நேரமாவது இருப்பது நிம்மதி. அபுதாபி வழியாகப் போனால் நிலைமை வேறு: அமெரிக்கக் குடியேற்ற, சுங்க அதிகாரிகள் 2014 முதல் அங்கேயே அமர்ந்து அந்த வேலையை முடித்துவிடுவதால், அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணிபோல இறங்கலாம். அதற்கேற்ப அபுதாபியில் கூடுதல் நேரம் போகும். ஆங்கிலம் தடுமாறும் பெற்றோருக்கு, களைத்து இறங்கும் ஊரில் படுகிற பாட்டை விட அங்கே காத்திருப்பது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

திரும்பி வரும்போதும் இதே கணக்குதான். நேராகத் திருச்சியில் இறங்கினால் வேலை அங்கேயே முடிந்துவிடும். சென்னையில் இறங்கித் திருச்சிக்கு உள்நாட்டு விமானம் பிடிக்கிறவர்கள், சென்னையிலேயே குடியேற்றமும் சுங்கமும் முடித்துப் பெட்டியை எடுத்து, உள்நாட்டு முனையத்துக்குப் போய், மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினரின் சோதனையைப் புதிதாகக் கடக்க வேண்டும். பெட்டி கைக்கு வரும் அந்த இடைவெளியை வீணாக்காதீர்கள்: பேரன் வாங்கித் தந்த வாசனைத் தைலம், டியூட்டி ஃப்ரீ பை, ஆலிவ் எண்ணெய், புதுக் கத்தரிக்கோல் என்று கைப்பையில் உறுத்துகிற எல்லாவற்றையும் சுங்கம் தாண்டியதும் பெட்டிக்குள் மாற்றி, எடையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, பிறகு திருச்சி கவுன்டரில் ஒப்படைக்கலாம். உள்நாட்டு விமானத்தின் எடை வரம்பு பெரும்பாலும் 15 கிலோ என்பதால், ஒரே டிக்கெட்டாக இல்லாவிட்டால் மிகுதி எடைக்கான பணத்தை முன்கூட்டியே இணையத்தில் கட்டிவிடுவது மலிவு.